இருநூற்றுப் பதினான்கு படி

வால்பரைசோ துறைமுகத்துக்கு மேலே
மலைச்சரிவில் இரண்டு மரப்பெட்டிகள்.
ஒரே கம்பி வடத்தின் இரு முனைகள்.
ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும்.
பதினெட்டு வருடமாய்க் கீழே கூண்டுக்குள் உட்கார்ந்து
சீட்டுக் கிழிக்கிறேன்.
ஆயிரம் பேரை மேலே அனுப்பிய நாளிலும்
நான் நாற்காலியை விட்டு எழுந்தது
மூத்திரத்துக்கு, இரண்டு முறை.

மார்ச்சில் நர்ஸ் யாஸ்னா
தொண்ணூற்றொன்று என்று எழுதி
அடியில் கோடு போட்டாள்.
எழுதியது சரி.
கோடு போட்டிருக்க வேண்டாம்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு.
இடப்பக்கம் வரவு:
காலை ரொட்டி, நாலு சுளையும் முழுசாக.
வெண்ணெய், பூசியதல்ல, அப்பியது.
தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை.
எம்பனாதா ஒன்று.
சரி, இரண்டு.
வலப்பக்கம் செலவு:
படிக்கட்டு.

வீடு மலைமேல்.
இத்தனை வருடம் கடைசிப் பெட்டியில்
ஓசியில் ஏறிப் போனவள்
இப்போது பக்கத்துப் படிகளில்
மூச்சு முட்ட, முட்டி முனக.
"பெட்டி காலியாத்தானே வருது, எர்சிலியா!"
மோட்டார் அறை ஜன்னலில் நோல்பெர்தோ கத்துவான்.
மூச்சு மிச்சமிருந்தால் திட்டுவேன்.

கணக்கோ ஈவிரக்கம் இல்லாதது.
இருநூற்றுப் பதினான்கு படியும் சேர்ந்து
ரொட்டியில் அரைச் சுளையைத்தான் கரைக்குமாம்.
அரைச் சுளை!
மெல்லுவதற்குள் தொண்டையில் இறங்கிவிடுமே அது.

ஜூன் மழையில் இரண்டு தரம் ஏறினேன்.
ஏறினேனே என்ற பெருமையில்
வீட்டில் இரண்டு ரொட்டி தின்றேன்.
கால் சம்பாதிக்கும் முன்பே
வாய் முன்பணம் வாங்கிவிடுகிறது.

கோபத்தில் ஒருநாள் பச்சைத் தண்ணீரோடு இருந்தேன்.
மூன்று மணிக்குக் கூண்டு சுற்றியது.
இரண்டாயிரம் பெசோ நீட்டிய மாலுமிக்கு
இருபதாயிரத்துக்குச் சில்லறை கொடுத்தேன்.
அன்று இளைத்தது
என் பர்ஸ் மட்டும்.

"கீழிறங்கும் பெட்டி காலியா இருந்தா
மேலேறுறதை எது இழுக்கும்?"
நோல்பெர்தோவைக் கேட்டேன்.
"மோட்டார்தான். ஆனா ரொம்ப வித்தியாசம் இருந்தா
அழும், பாவம்."
எனக்காகச் சொன்னதல்ல.
அவன் வாயில் என் எம்பனாதா.

மறுநாள் ரொட்டியைப் பிட்டேன்.
இரண்டு சுளை எனக்கு.
இரண்டு, மேலாளருக்கு.
நூற்றேழாம் படியில் குறுக்கே படுத்து
ஒரு வேலையும் செய்யாத நாய் அது;
அதனால் அந்தப் பேர்.

ஆகஸ்டில் எண்பத்தாறு.
யாஸ்னா இந்த முறை கோடு போடவில்லை.
நான்தான் பேனாவை வாங்கிப் போட்டேன்.

செப்டம்பர் பதினெட்டு, நாட்டுக்குப் பிறந்தநாள்.
மலை முழுக்கக் கரிப்புகை, இறைச்சி வாசம்.
மூன்று நாள் நோட்டைத் திறக்கவில்லை.
நாலாம் நாள் எண்பத்தேழரை.
கொஞ்சம் அழுதேன்,
கொஞ்சம் ஏப்பம் விட்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன்,
படியில் போகிறவர்கள் நின்று கேட்பதை:
"எப்போ குட்டி போடும்?"
மேலாளர் ஆண்.
நான் இறக்கியதையெல்லாம்
அது ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே இப்போது இரண்டு பேர் நடக்கிறோம்.
மீந்த சுளைகள் பையில், நாளைக் காலைக்கு.
அது முதலில் வர மறுத்தது.
இழுத்தேன், கெஞ்சினேன்,
பையைக் காட்டி ஏமாற்றினேன்,
யாஸ்னா என்னிடம் செய்யாததையெல்லாம்.

நூற்றேழாம் படியில் இருவரும் நிற்கிறோம்,
நாக்கைத் தொங்கப்போட்டபடி.
அது மட்டும் என்று எழுதத்தான் ஆசை.
பக்கத்தில் பெட்டிகள் இரண்டும்
நடுவழியில் ஒன்றையொன்று கடக்கின்றன.
ஒரு நொடி, ஒரே உயரம்.
உள்ளிருந்து ஒரு குழந்தை கையாட்டுகிறது.
பிறகு ஒன்று மேலே, ஒன்று கீழே.

மேலாளர் பையை மோந்து பார்க்கிறார்.
இல்லை, ஐயா.
இன்னும் நூற்றேழு இருக்கிறது.